காலில் கட்டிய ஒரு வருஷம்

லிஃப்ட் மெக்கானிக்குகள் வட்டாரத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பையிலிருந்து ரசமட்டக் கட்டையை எடுத்துக் கதவுச் சட்டத்தில் வைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடமாட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி நட்டநடுவில் வந்து நிற்க வேண்டும். "வீட்டுக்காரம்மா தலை வாரினா வகிட்டுலகூட வெச்சுப் பாப்பாரு போல" என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷம் அப்படி வேலை பார்த்தவர், ஒரே ஒரு நாள் பார்க்காமல் டிக் போட்டார்.

அந்த மாதம் கம்பெனியில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் பார்த்துவந்த கட்டடங்களும் இவர் தலையில் விழுந்தன. பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க மொட்டைமாடி ஏறி, மோட்டார் அறையைத் திறந்து, மூடியைக் கழற்ற வேண்டும். முட்டி வலி. இன்னும் மூன்று கட்டடம் பாக்கி. கீழ்ப்படியில் உட்கார்ந்தபடியே சோதனைத் தாளில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். போன மாதம் நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்தார்.

ஒன்பதாம் நாள் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு டீச்சர் லிஃப்டை விட்டு இறங்கக் கால் எடுத்து வைத்தார். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நழுவியது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. இடுப்பும் விலகியது.

கம்பெனி மேனேஜர் போலீஸிடம் அந்தத் தாளைக் கொடுத்தார். கீழே இவருடைய கையெழுத்து. அதற்குமேல் யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஜாமீன் கிடைக்கும்வரை பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் துண்டுதுண்டாகச் சொன்னார். வேலைக்காலம் முழுக்க ஆள் நுழைய முடியாத பொந்துகளுக்குள் நின்றவர். இருட்டும் இடுக்கும் அவருக்குப் புதிதில்லை. ஆனால் லிஃப்டுக்குள் ஒரு மணி பொத்தான் இருக்கும், அமுக்கினால் வெளியே யாருக்காவது கேட்கும். இங்கே கதவின் உள்பக்கத்தில் கைப்பிடிகூட இல்லை. பதினாறு பேருக்கான அறையில் முப்பத்தெட்டுப் பேர். படுக்கிற இடத்துக்காக இரண்டாம் நாளே ஒருவன் இன்னொருவனுடைய தலையைச் சுவரில் மோதினான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை இவரும் அன்றே கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் சுவரில் முதுகை அண்டக் கொடுத்து உட்கார்ந்தேதான் தூங்கினார். காலையிலும் மாலையிலும் குந்தவைத்துத் தலை எண்ணுவார்கள். கணக்கு இடித்தால் மறுபடி முதலிலிருந்து. தன் எண்ணைச் சொல்லும்போது குரல் எழும்பாமல் போய், இரண்டு தடவை எல்லாரையும் மறுபடி உட்கார வைத்த பாவம் அவரைச் சேர்ந்தது. அதற்காகப் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொன்னதேயில்லை.

வெளியே வந்தபோது எட்டுக் கிலோ குறைந்திருந்தார். வீட்டுக் கதவு சாத்துகிற சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடும்.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. அலட்சியத்தால் படுகாயம் விளைவித்தார் என்று தீர்ப்பு. ஒன்றரை வருஷம் வரை சிறைக்கு அனுப்பலாம். தண்டனையைச் சொல்லுமுன் நீதிபதி நன்னடத்தை அதிகாரியிடம் அறிக்கை கேட்டார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மாவை அங்கேயே போய்ப் பார்த்தார். கடைசியில் டீச்சர் வீட்டுக்கும் போனார்.

டீச்சர் சொன்னதை அவர் அப்படியே அறிக்கையில் எழுதியிருந்தார். வக்கீல் அதை வாசித்துக் காட்டினார். "நான் அவரை மன்னிக்கலை. அதை முதல்ல எழுதிக்குங்க. ஆனா அவரை உள்ள போட்டா, நான் ஒவ்வொரு படியா ஏற எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அவருக்குத் தெரியாமலே போயிடும். அது தெரியற இடத்துல அவரை வேலை செய்ய வைங்க."

தண்டனை அப்படியே அமைந்தது. ஒரு வருஷம் வீட்டுக்காவல், கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை. எலும்பு முறிந்தவர்கள் நடை பழகும் ஆஸ்பத்திரியில் ஐந்நூறு மணிநேரம் சம்பளமில்லாத வேலை. எந்த லிஃப்டையும் தொடக் கூடாது. இதில் எதை மீறினாலும் அந்த ஒன்றரை வருஷத்துக்கு உள்ளே போக வேண்டும்.

"தப்பிச்சீங்க" என்றார் வக்கீல். ரசமட்டத்துக்கு அப்படித் தோன்றவில்லை. சிறைக்கதவு இப்போது தன் காலோடு சேர்ந்து நடக்கிறது, எந்த நிமிஷமும் திறக்கும் என்றுதான் தோன்றியது.

பட்டை கருப்பு ரப்பர். தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி அதில் ஒட்டியிருந்தது. தினமும் இரண்டு மணிநேரம் சார்ஜ் போட வேண்டும். சுவர் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துக் காலில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "போனுக்கு ஒரு பிளக்கு, புருஷனுக்கு ஒரு பிளக்கு. நம்ம வீட்டுக்கு இன்னொரு சுவர் வேணும்" என்பார் வீட்டுக்காரம்மா. மின்சாரம் போய்விட்டால் மட்டும் அவருக்கும் சிரிப்பு வராது. இரண்டு பேரும் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மஞ்சளாக மாறினால் கண்காணிப்பு மையத்திலிருந்து போன் வரும். கீழே கட்டட வாசலைத் தாண்டினால் பட்டை அதிரும். ஆஸ்பத்திரி நாட்களில் மட்டும், வாரம் மூன்று நாள், காலை எட்டு முதல் ஒரு மணி வரை, ஒரே ஒரு பாதையில் போய்வர அனுமதி. ஒருநாள் பஸ் பாதிவழியில் நின்றுவிட்டது. நாற்பத்தாறு வயதில், வலிக்கிற முட்டியோடு, கடைசி இரண்டு நிறுத்தங்களை ஓடியே கடந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் தரை துடைப்பதும் சக்கர நாற்காலி தள்ளுவதும் வேலை. வியாழக்கிழமைகளில் டீச்சர் சிகிச்சைக்கு வருவார் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முதல் வியாழன், ஊன்றுகோல் சத்தத்தோடு அவர் தாழ்வாரத்தில் வருவதைக் கண்டதும் இவர் துடைப்பம் வைக்கிற அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஊன்றுகோல் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"ஒளிஞ்சுக்காதீங்க" என்றார் டீச்சர். "தரையைப் பாதியில ஈரமா விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் இதுல வழுக்கி விழுந்தா அதுவும் உங்க கணக்குலதான் வரும்."

வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்து துடைத்து முடித்தார். டீச்சர் அதுவரை நின்றார். பிறகு அங்கே பயிற்சிக்காகவே செய்துவைத்த நான்கு மரப்படிகளில் ஏறத் தொடங்கினார். நான்கு படிக்கு ஆறு நிமிஷம். இரண்டாம் படியில் அவர் உதட்டைக் கடித்தபோது ரத்தம் வந்தது. ரசமட்டம் துடைப்பத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் வியாழக்கிழமைகளில் அவர் ஒளியவில்லை. ஆனால் புதன்கிழமைகளில் சோறு இறங்காது.

எட்டு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும். வீட்டில் தனியாக இருந்தார். எதிர்க்கட்டடத்திலிருந்து ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனார். இரண்டு பேர் இரும்புக் கம்பியோடு உள்ளே ஓடினார்கள். வாசலில் அந்தப் பெண் வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு! மாமனார் உள்ள இருக்காரு! மூச்சு வாங்குதுன்றாரு, கதவை உடைங்க!"

 மாட்டிக்கொண்டு நிற்பதால் யாரும் சாவதில்லை. கதவை நெம்பித் திறந்து இழுப்பதால்தான் சாவார்கள். லிஃப்டின் அடிப்பாகத்துக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். காலைப் பிடித்து இழுக்கும்போது உடம்பு சறுக்கி அந்த இருட்டுக்குள் போய்விடும். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் லிஃப்டே திடீரென்று கிளம்பிவிடும்.

"மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார். "கதவைத் தொடாதீங்க! மெயின்! மெயின்!"

தெருவில் வண்டிகளின் இரைச்சல். வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்து, என்ன என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ரசமட்டம் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். இருபது நிமிஷத்தில் வருவோம் என்றார்கள். போனை மேசையில் வைத்தார். அடுத்ததாக நன்னடத்தை அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அது அவருக்குத் தெரியும். எண்கூட மனப்பாடம். கை மறுபடி போனைத் தொட்டு, எடுக்காமல் விலகியது.

படியிறங்கினார். கட்டட வாசலில் கால் நின்றுவிட்டது. தலை எண்ணுகிற குரல் காதுக்குள் கேட்டது.   'யாராவது சொல்லுவாங்க, யாருக்காவது தெரிஞ்சிருக்கும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இரண்டாம் தடவை அந்தப் பெண் அலறினாள். வாசலைத் தாண்டினார். பட்டை காலில் வண்டு போல அதிரத் தொடங்கியது.

இரண்டாம் மாடியில் கதவை நெம்பித் திறந்துவிட்டிருந்தார்கள். லிஃப்டின் தரை இவர்கள் இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வாய். முதியவர் குப்புறப் படுத்துக் காலை வெளியே நீட்ட, ஒருவன் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு! உள்ள தள்ளு அவரை!" அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "இன்னும் ஒரு அடி இழுத்தா அவரு கீழ குழிக்குள்ள போயிடுவாரு. கீழ பாரு, கீழ!"

அவன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் முகம் வெளுத்தது. காலை மடக்கி உள்ளே தள்ளினான்.

"ஐயா, அப்படியே சுவரோட ஒட்டி உக்காருங்க. கதவைச் சாத்தப்போறோம், பயப்படாதீங்க. மேல விசிறி ஓட்டை இருக்கு, காத்து வரும்."

"யாருப்பா நீ?" என்றார் உள்ளே இருந்தவர்.

"லிஃப்ட் மெக்கானிக்குங்க" என்றார், தன்னை அறியாமல்.

மொட்டைமாடிக்கு வாட்ச்மேனையும் இழுத்துக்கொண்டு ஓடினார். மோட்டார் அறையில் மெயினை அணைத்தார். இனி ஆள் பத்திரம், தீயணைப்புப் படை வரும்வரை சும்மா இருக்கலாம். ஆனால் கீழிருந்து, "மாமா பேசமாட்டேங்கறாரு!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

லிஃப்டைக் கையால் இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக் நெம்பைப் பிடித்துத் தளர்த்த வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாட்ச்மேனுக்கு வாயால் சொல்லிப் பார்த்தார். தொடக் கூடாது என்றுதானே உத்தரவு, சொல்லக் கூடாது என்று இல்லையே. வாட்ச்மேனுக்கு நெம்பு எது, சக்கரம் எது என்றே புரியவில்லை.  நேரம் போய்க்கொண்டிருந்தது. ரசமட்டம் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

மூடியைக் கழற்றிப் பிரேக் கட்டையை முதலில் பார்த்தார். விரலால் தடவி, மறுபடி பார்த்தார். தேயவில்லை, கனம் இருந்தது. அதன் பிறகுதான் நெம்பைப் பிடித்தார்.

"நான் சொல்றப்போ சுத்துங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க. கால் சுத்துக்கு மேல வேணாம்."

கால் சுற்று, நிறுத்தம். கால் சுற்று, நிறுத்தம். கயிற்றில் மஞ்சள் பெயிண்டால் போட்டிருந்த தளக்குறி நேருக்கு வந்ததும் பிரேக்கை விட்டார். கீழே கதவு திறந்தது. முதியவர் சட்டை நனைந்து, வாய் கோணாமல், சுயநினைவோடு, யாரையும் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே வந்தார். பேசாமல் இருந்ததற்குக் காரணம், பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

ரசமட்டம் அதைப் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினார்; தீயணைப்பு வண்டி அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியது. மொத்தம் இருபத்துமூன்று நிமிஷம். மேசையிலிருந்த போனில் ஏழு அழைப்புகள்.

அதிகாரி ஒரு மணிநேரத்தில் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டு, எதிர்க்கட்டடத்துக்கும் போய் விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் இதை எழுதாம இருக்க முடியாது. தெரியுமில்ல?"

"எழுதுங்க மேடம்."

"ரெண்டு மீறல். வெளிய போனது ஒண்ணு, லிஃப்டைத் தொட்டது ஒண்ணு. ஏன் போனீங்கன்னும் எழுதுவேன். ஆனா முடிவு என் கையில இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த திங்கள் கோர்ட்."

வீட்டுக்காரம்மா மருந்துக்கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "இத்தனை பேர் இருக்கற தெருவுல உங்களை விட்டா ஆளில்லையா? இன்னும் நாலே மாசம். நாலு மாசம் ஜன்னலைச் சாத்திட்டு இருக்க முடியலையா உங்களால?" அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் எழுந்து பார்த்தபோது, வீட்டுக்காரம்மா தரையில் உட்கார்ந்து பைஜாமாவிலிருந்து நாடாவை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே நாடா, கயிறு எதையும் அனுமதிக்க மாட்டார்கள். போன முறை கற்றுக்கொண்டது. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். இரண்டு செட் துணி, ஒரு துண்டு, முட்டிக்கு மருந்து, மருந்துக்கு டாக்டர் சீட்டு. பையைக் கதவோரம் வைத்தார். திங்கட்கிழமை வரை இருவரும் அந்தப் பையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கெட்டவர் இல்லை. "அவர் செய்தது நல்ல காரியம், மறுக்கலை" என்றார். "ஆனால் நிபந்தனையை எப்போ மீறலாம்னு ஒவ்வொருத்தரும் தானே முடிவு பண்ணினா, சிறைக்கு வெளியே கொடுக்கற தண்டனையை நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க."

நீதிபதி அறிக்கையைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார்.  

"போன் கையில இருந்திருக்கு. தீயணைப்புக்குப் பேசியிருக்கீங்க. அதிகாரிக்கு ஏன் பேசலை?"

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில், பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்பது. அது வாய்வரை வந்தது.

"பேசியிருந்தா போகாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க, ஐயா. அப்படிச் சொல்லிட்டா நான் போகாம இருந்திருப்பேன். நான் ரொம்பப் பயந்தவன். எனக்கு அது தெரியும்."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"மீறல் பதிவு செய்யப்படுது. ஆஸ்பத்திரி வேலை அறுபது மணிநேரம் கூடுது. வீட்டுக்காவல் ஒரு மாசம் நீளுது. சிறைக்கு அனுப்பலை." குரல் மாறவேயில்லை. "இன்னொரு தடவை இங்கே வந்தீங்கன்னா நான் காரணம் கேட்க மாட்டேன்."

முடிந்துவிட்டது என்று புரியாமல் அவர் கூண்டிலேயே நின்றார். அதிகாரி வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வியாழக்கிழமை டீச்சர் வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊன்றுகோல் இல்லாமல், கைப்பிடியை மட்டும் பிடித்து நான்கு படியும் ஏறி இறங்கினார். மூச்சு வாங்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெரியவருக்கு அதிர்ஷ்டம்" என்றார். "பிரேக்கைப் பாத்தீங்களாமே."

"பாத்தேன்."

"எனக்குப் பாக்கலை."

"இல்லை."

 நாற்காலியை அவர்தான் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதின்மூன்றாவது மாதம் பட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். லிஃப்ட் வேலைக்கு அவர் திரும்பவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அதே ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிகளையும் நடைவண்டிகளையும் பழுதுபார்க்க ஆளெடுத்தபோது விண்ணப்பம் போட்டார். படிவத்தில் ஒரு கேள்வி, எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று. ஆம் என்று எழுதிவிட்டு, அதன் கீழே இருந்த சின்ன இடத்தில் மொத்தக் கதையையும் எழுத முயன்று, இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். அந்தப் பின்பக்கத்தை யாராவது படித்தார்களா என்று தெரியாது. மூன்று வாரம் கழித்து வேலை கிடைத்தது.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் வீட்டுக்காரம்மாதான் எடுக்கிறார். "பேங்க்காரங்கதான், கார்டு வேணுமான்னு கேக்கறாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் இவருக்கு மூச்சு கீழே இறங்குகிறது.